பிரஜாவுரிமை கேட்ட பாட்டுப்பெட்டி

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் கபிரியேலின் டச் பிளேயர் பாட்டுப்பெட்டி, இன்னும் இரண்டு கோடியே தொண்ணூறு லட்சம் நிமிடம் கழித்து வந்து திறந்து பார் என்று அவரைத் திருப்பி அனுப்பியது. இதில் ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. மற்றதில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

அன்று பின்னேரம் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துக் கோவிலில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம். சேவல் கூவுவது, இடி முழங்குவது, எல்லாச் சத்தமும் அந்தப் பெட்டிக்குள். சத்தத்துக்குப் பொறுப்பு கபிரியேல். போன வருடம் தப்பான நேரத்தில் இடி இடித்து, கைகழுவிக்கொண்டிருந்த பிலாத்து செம்போடு மேடைக்குக் கீழே பாய்ந்துவிட்டார். “இந்தத் தடவையும் தவறுனா, இனிமே நம்ம றோய் பையன் போன்ல பாத்துக்கட்டும்” என்று சாமியார் சொல்லிவிட்டார். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் கிடைக்காத மரியாதை, குடியிருக்கும் லயத்தில் கிடைக்காத மரியாதை, எல்லாம் கபிரியேலுக்கு இந்த ஒரு வேலையில்தான் இருந்தது.

குவைத்திலிருந்து மச்சான் அனுப்பிய மூன்றாவது பெட்டி அது. முதலாவது ஊமைப் பிறவி. காதில் வயரைச் செருகினால்தான் பாடும். இரண்டாவதுக்கு வாய் முளைத்தது. மூன்றாவதுக்கு முன்னாலும் பின்னாலும் கண். நாலாவது தானே எழுந்து கொழுந்து பறிக்கும் என்று கபிரியேல் காத்திருந்தார். அதற்குள் போன்கள் வந்து அந்த வம்சத்தையே விழுங்கிவிட்டன.

முந்தின நாள் பேத்தி கேஷானி பூட்டு எண்ணைத் தப்புத் தப்பாகக் குத்தியிருக்கிறாள். பிறகு சார்ஜ் இறங்கிப் பெட்டி செத்துப் பிழைத்தது.

“என்னங்க, பெட்டி வேலை செய்யுதா?” என்றாள் மனைவி நேசராணி.

“செய்யுது” என்று சொல்லிவிட்டுப் பதுளை பஸ்ஸுக்கு ஓடினார்.

திருத்துகிற கடையில் பலீல் நானா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு மூள கொழம்பி ஈக்கு, கபிரியேல் அண்ணே. சார்ஜ் எறங்கினதுல தேதிய மறந்திட்டு. இது இப்ப ஆயிரத்தித் தொளாயிரத்தி எழுபதுல ஈக்கு. பூட்டு விழுந்தது நேத்து. அந்த நேத்து வர அம்பத்தஞ்சு வருஷம் காத்திருக்கும்.”

“எழுபதுல எனக்குப் பிரஜாவுரிமையே கிடையாது நானா. இந்த நாட்டாளா இந்தியாக்காரனான்னு இழுத்துக்கிட்டுல்ல இருந்தாங்க.”

“அதான் ஒங்கள உள்ள எடுக்குதில்ல.”

பலீல் சிரித்தார். கபிரியேலுக்குச் சிரிப்பு வரவில்லை.

“வேற வழியே இல்லையா?”

“முழுசா அழிச்சாத் தெறக்கும். சத்தமெல்லாம் போயிரும். ஜும்மாவுக்கு நேரமாகுது, அழிக்கவா வேணாமா, செல்லுங்க.”

கபிரியேல் பெட்டியைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கோவில் வாசலில் பேதுரு வேடத்தில் றோய், ஒட்டுத்தாடியைச் சொறிந்துகொண்டு நின்றான். “மாமா, சேவல் ரெடியா? இல்லாட்டி எங்கிட்ட இருக்கு.”

“ரெடி. நீ தாடிய ஒழுங்கா ஒட்டு.”

உள்ளே சாமியார். “எல்லாம் சரிதானே கபிரியேல்?”

“சரிங்க சாமி.”

சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் குத்தினார். கண்ணாடி தேய்ந்து பள்ளம் விழுகிற அளவுக்குக் குத்தினார். பெட்டி எழுபதைவிட்டு அசையவில்லை. மேடையில் றோய், “அந்த மனுசனை எனக்குத் தெரியாது” என்று மூன்றாம் தரம் மறுதலித்தான். சேவல் கூவவேண்டிய இடம்; கூவவில்லை. நாலாம் தரமும் மறுதலித்தான். ஐந்தாம் தரம் மறுதலித்துவிட்டுத் திரைப் பக்கம் முறைத்தான். சனம் திரும்பத் தொடங்கியது.

கபிரியேல் பெட்டியைக் கீழே வைத்தார். கண்ணை மூடினார். கழுத்தை நீட்டினார். கூவினார்.

பாதி சேவல், பாதி சுரங்கத்துக்குள் நுழைகிற ரயில். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு லயத்துச் சேவல்கள் பதில் கொடுத்தன. அவற்றுக்கு அடுத்த தோட்டத்துச் சேவல்கள். அப்படியே மலை மலையாகத் தாவி அப்புத்தளை வரை கேட்டதாம். றோய் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க விழுந்தான். அவன் சிரிக்கிறான் என்று தெரியாத பெண்கள் சேர்ந்து அழுதார்கள்.

சாமியார் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். “நல்ல தெளிவு. பழைய பெட்டி பழைய பெட்டிதான். இடிய மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா வைங்க.”

“சரிங்க சாமி.”

கபிரியேல் கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றிக் கையில் ஓங்கினார்.