ஒட்டாத நுனி

1

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கதை ஒன்று வைத்திருக்கிறேன். அது கிடைத்த இடம் என் செருப்பு. கர்ரென்று பிரியுமே, வெல்க்ரோ என்கிற அந்த ஒட்டுப்பட்டை. அதை நீளவாக்கில் இழுத்தேன், அசையவில்லை. நுனியைத் தூக்கினேன், சுண்டுவிரலுக்கே வந்துவிட்டது. இழுக்கிற திசைதான் வேறு.

[விளக்கப் போனால் கட்டுரையாகிவிடும். விடுகிறேன்.]

2

இத்தகைய பட்டைகளை எந்திரத்தில் மாட்டி, பிரியும்வரை இழுத்துப் பார்ப்பது ஒருத்தியின் வேலை. தனியாள். 'அவள் கண்களில் ஓர் ஆழ்ந்த...' சே, அடித்துவிட்டேன். ரேடியோவைப் பேசவிட்டுக்கொண்டுதான் சாப்பிடுவாள், அது போதும்.

அடுத்த தெருவில் அவள் அண்ணன். பக்கவாதத்தில் ஒரு கை விளங்காமல் போனவர். கயிறு கட்ட முடியாதவருக்கு ஷூவில் ஒட்டுப்பட்டை தைத்துக் கொடுத்தாள். சோதனைக்கூடத்தில் நுனிவரை ஒட்டினால்தான் பட்டை தேறும். அந்தப் பழக்கத்தில், பிடித்துத் தூக்க ஒட்டாத நுனி விட மறந்துவிட்டாள். நடக்க நடக்க அது இன்னும் அழுந்திப் பிடித்தது.

சாயங்காலம் போன் வந்தது.

"உன் பட்டை என்னை விடமாட்டேங்குது தங்கச்சி. வந்து கழட்டி விடு."

"பல்லால கடிச்சு இழுண்ணே."

"கால் வாய்க்கு எட்டுற வயசா எனக்கு? வாம்மா, டீ போட்டு வைக்கிறேன்."

போனாள். நகத்தால் நெம்பினாள், பிரிந்தது. டீ ஆறும்வரை மாடிவீட்டுக்காரனைத் திட்டினார்கள். நுனியை மடித்துத் தைத்தால் தீர்ந்தது. ஊசியும் நூலும் பையிலேயே இருந்தன. தைக்காமல் வந்தாள். மறுநாளும் போன் வந்தது. அதற்கடுத்த நாளும்.

[இவளைக் கெட்டவளாக்க மனம் வரவில்லை. நல்லவள் என்று எழுதினால் பேனா சிரிக்கிறது.]

3

ஒரு முடிவு: தைத்துவிடுகிறாள். போன் வரவில்லை. ரேடியோ பேசுகிறது. (பாடம் நடத்துகிறது, வேண்டாம்.)

இன்னொன்று: தைத்த மறுநாளும் அண்ணன் கூப்பிடுகிறார். "நானே கழட்டிட்டேன். டீ ஆறுது, எங்க இருக்க?" (இது என் ஆசை. அவரைக் கேட்டால் என்ன சொல்வாரோ.)

4

நேற்று அவர் அவளிடம், "ஷூவுக்குள்ள கால் வீங்குது. நீ வர லேட்டானா வலிக்குதும்மா," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இன்று அவர் அடுப்படியில் டம்ளர் கழுவுகிறார். ஷூ அவள் மடியில். ஊசியில் நூல் கோத்தாகிவிட்டது. இதற்கு மேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவள் இடத்தில் நீங்கள் உட்காருங்கள்.

போய் வாருங்கள் கண்ணுகளா. சாயங்காலமானால் உங்களைக் கூப்பிட ஒருவர் இருக்கட்டும். கூப்பிடாமலே வர இன்னொருவர் இருக்கட்டும்.