இரண்டாவது கெட்டில்

1

"மூடி வை, வந்து குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கணவர் வெளியே போனார். அவள் டீ டம்ளரை மூடி வைத்தாள். அவர் வரவில்லை. சாலை விபத்து. இந்தக் கதை அந்த டம்ளரிலிருந்துதான் வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

(அவளைத் தையல்காரி ஆக்கியிருக்கிறேன். எனக்கு ஊசியில் நூல் கோர்க்கக்கூட வராது. அவ்வளவு தள்ளி நிறுத்தினால்தான் அவளைப் பற்றி எழுத முடிகிறது.)

2

நான்கு மாதம் கழித்து அவளுடைய அக்கா நூலகத்து மாடிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனாள். மனசு சரியில்லாதவர்கள் தாங்களே நடத்திக்கொள்ளும் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். பத்துப் பேர், டாக்டரும் இல்லை, தலைவரும் இல்லை. கிளம்பும்போது பஸ் டிரைவர் ஒருவர் டீக் கெட்டிலை நீட்டினார்.

"புதுசா வந்தவங்க கழுவி எடுத்துட்டு வரணும்மா. மூடி சரியா உக்காராது. ஊத்தும்போது விரலால பிடிச்சுக்கணும்."

"நான் அடுத்த வாரம் வருவேனான்னு தெரியலைங்க."

"கெட்டில் வரணும். கூட நீங்களும் வந்தா சந்தோஷம்."

3

மூன்று வாரம் அவள் போகவில்லை. இருள் அவளைச் சூழ்ந்து...

[அடித்துவிட்டேன். கெட்டில் சமையல் மேடையில் இருந்தது, அவ்வளவுதான்.]

நான்காவது வாரம், இனி உயிரோடு இருக்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். அடுத்தவர் பொருளை வைத்துக்கொண்டா போவது? கழுவித் துடைத்து எடுத்துப்போனாள்.

4

பத்துப் பேர் முன்னாலும் காலிக் கோப்பைகள்.

"மூணு வாரமா டீ இல்லையா?"

"வெந்நீரே இல்ல" என்றார் கணக்கு டீச்சர். "டிரைவர் விட்ட கொட்டாவியிலதான் குளிர் காய்ஞ்சோம்."

"வேற ஒண்ணு வாங்கியிருக்கலாமே?"

சிரிப்பு நின்றது.

"ஒரு தடவை வாங்கினோம்" என்றார் டிரைவர். "பழைய கெட்டிலை எடுத்துட்டுப் போன பெயிண்டர் நாலு வாரம் வரல. அஞ்சாவது வாரம் வாசல் வரைக்கும் வந்திருக்கார். உள்ள புதுசுல டீ ஊத்திட்டிருந்தோம். பழசை வாசல்லயே வெச்சுட்டுத் திரும்பிட்டார். மறுநாள் அவர் இல்ல." கெட்டிலைத் தொட்டார். "இதுதான் அது."

பத்துப் பேர், மூன்று வாரம், அவளுக்காகக் காலிக் கோப்பையோடு... இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை எழுதிப் பார்த்துவிட்டேன். முடிவதில்லை.

5

முடிவு இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் அவள் எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள். மற்றதில் பேசாமல் டீ போடுகிறாள். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும், அன்றைக்கும் கெட்டிலை அவள் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள்.

ஆறு வருடமாகிறது. மூடி இன்னும் சரியாக உட்காருவதில்லை. ஊற்றும்போது விரலால் பிடித்துக்கொள்கிறேன்.