நோட்டீஸ் இல்லாத பன்னிரண்டு நிமிடம்

1

இந்தக் கதை என் கற்பனையில் முளைத்ததல்ல. வெளிநாட்டில் கடை வைத்திருக்கும் அக்கா போனில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "இதையும் எழுதித் தொலைக்காத" என்றாள். எழுதாதே என்றால் எனக்குக் கை அரிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘மது என்பது மனிதகுலத்தின் ஆதி…’

வேண்டாம். அக்கா ஒரு சொட்டு குடித்தவளில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு லைசென்ஸ், அவ்வளவுதான்.

இரண்டாவது: அடுத்த தெருவில் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்ததும் அக்காவின் மளிகைக் கடை படுத்துவிட்டது. ஒரு பக்கச் சுவர் முழுக்க பாட்டில் அடுக்கி, வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு விற்றால் பிழைக்கலாம். அடுத்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்கு விடப்போவதாகக் கட்டிடக்காரர் சொல்லிவிட்டார்.

இது போதும். இப்படியே போகலாம்.

2

விதி இதுதான்*: இந்தக் கடையில் மது விற்க அனுமதி கேட்டிருக்கிறோம் என்று ஒரு நோட்டீஸ் அச்சடித்து, வெளியிலிருந்து படிக்கும்படி கண்ணாடியில் இருபத்தெட்டு நாள் ஒட்டி வைக்க வேண்டும். நடுவில் எடுத்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம்.

(* இந்த இடத்தில் விதிகளை மூன்று பக்கம் எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது, "இது கதையா, ஃபாரமா?" என்று கேட்டாள் அக்கா. அடித்துவிட்டேன்.)

ஆட்சேபம் எழுதிக் கொடுத்தது ஒரே ஒருவர், எதிர்வீட்டு நர்ஸம்மா. முப்பது வருஷம் வார்டில் குடித்துக் கெட்டவர்களைத் தூக்கிப் படுக்க வைத்து ஓய்வு பெற்றவர். ராத்திரி பதினொரு மணி வரை கடை திறந்திருந்தால் தன் ஜன்னலடியில்தான் பாட்டில் உடையும் என்று எழுதியிருந்தார். எழுதியதோடு விடவில்லை. நாள் தவறாமல் காலையில் நோட்டுப் புத்தகத்தோடு ஜன்னலில் உட்கார்ந்து கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

(இவரை வில்லியாக்க ரொம்ப ஆசைப்பட்டேன். இறுகிய உதடு, ஒரு கறுப்புப் பூனை எல்லாம் கொடுத்து வைத்திருந்தேன். "அவங்க வீட்ல பூனையே கிடையாதுடா" என்றாள் அக்கா. பூனை போயிற்று. உதடும் கூடவே போயிற்று.)

3

அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணாடியில் ஒரு விரல் தடம் இருந்தால் சாப்பாடு இறங்காது. பதினொன்றாம் நாள் ஏதோ குழந்தை பிசுபிசுத்த கையை வைத்துவிட்டுப் போயிருந்தது. கறை நோட்டீஸுக்கு அடியிலும் ஓடியிருந்தது. கழற்றினாள், துடைத்தாள், வாளித் தண்ணீரை மாற்ற உள்ளே போய் வந்தாள், மறுபடி துடைத்தாள், ஒட்டினாள். அதோடு மறந்தும் போனாள்.

விசாரணை நாளன்று, மேஜைக்கு அந்தப் பக்கம் லைசென்ஸ் கொடுக்கும் மூன்று பேர் கொண்ட குழு. லைசென்ஸ் ஆய்வாளர் எழுந்து, பதினொன்றாம் நாள் காலை ஒன்பதே காலுக்கு அந்த வழியாகப் போனதாகவும் கண்ணாடியில் நோட்டீஸ் இல்லை என்றும் சொன்னார்.

மறுபடி இருபத்தெட்டு நாள் என்றால் கடை கையை விட்டுப் போய்விடும். அக்காவின் வாய் முந்திக்கொண்டது.

"நான் எடுக்கவே இல்லைங்க."

நர்ஸம்மா கையைத் தூக்கினார். நோட்டோடு எழுந்தார். தொலைந்தோம் என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பதினொன்றாம் நாள். 9.10: கடைக்காரர் நோட்டீஸைக் கழற்றிக் கண்ணாடி துடைக்கிறார். 9.22: திரும்ப ஒட்டினார். நேராக." பக்கத்தைப் புரட்டினார். "மத்த நாளெல்லாம் இருந்துச்சு. நேரத்தோட எழுதியிருக்கேன்."

குழுத் தலைவர் குழம்பிப்போய், ஆட்சேபம் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டார்.

"ஆமா. கடை வேணாம்னுதான் இப்பவும் சொல்றேன். அதுக்காக இருந்ததை இல்லைனு சொல்ல முடியுமா? வார்டு சார்ட்டுல பொய் எழுதினா ஆளு செத்துருவாங்க." பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "நீயும் பொய் சொல்லியிருக்க வேணாம்மா."

மூன்று பேரும் தலையைச் சேர்த்து முணுமுணுத்தார்கள். துடைக்க எடுத்த பன்னிரண்டு நிமிடம் விதிமீறல் ஆகாது, லைசென்ஸ் உண்டு, ஆனால் கடையை ஒன்பது மணிக்கே மூடிவிட வேண்டும் என்றார் தலைவர்.

அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். அப்படி ஒரு நிம்மதி. இன்னொன்றும் உண்டு: பதினொரு மணி என்பதே அவள் யோசனை இல்லை. எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள் என்று ஃபாரம் நிரப்பிக் கொடுத்தவர் போட்டது. வீங்கிய காலோடு எப்படி அவ்வளவு நேரம் நிற்பது என்று ஒரு மாதமாக மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

4

முடிவு (அ): நர்ஸம்மா தெருவைக் கடந்து வந்து, முதல் பாட்டிலைத் தானே…

"அவங்க ஒண்ணும் வாங்கல. வாங்கவும் மாட்டாங்க."

முடிவு (ஆ): இருவரும் கட்டிப்பிடித்து…

"ச்சீ."

நடந்தது இவ்வளவுதான். மறுநாள் காலை அக்கா நோட்டீஸைக் கழற்றினாள், இந்த முறை ஒரேயடியாக. பசைத் தடம் போகும்வரை தேய்த்தாள். திரும்பினால் எதிர் ஜன்னலில் நர்ஸம்மா. கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டைத் திறந்தார், ஒரு வரி எழுதினார், மூடினார். விசாரணைதான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு எழுத வேண்டும்? என்ன எழுதினார் என்று அக்கா கேட்கவில்லை. கேட்டுச் சொல் என்று நான் கெஞ்சினேன். "அது அவங்க நோட்டு" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த ஒரு வரியை எழுதும் தைரியம் எனக்கு இல்லை. நீங்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அவர் நோட்டில் பொய்க்கு இடமில்லை.

9.10: ……………………