ஊதாப் பொட்டு வைத்த கார்டு

'டொப்!'

விளக்கு, மின்விசிறி, யோவானாவின் கணினி எல்லாம் ஒன்றாக அணைந்தன. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் கத்தினாள்.

"எதில்! மறுபடியும் ஷவரைப் போட்டியா?"

"மனுஷன் குளிக்கிறது ஒரு குத்தமா?" குளியலறையிலிருந்து அண்ணன் எதில்பெர்த்தோவின் குரல் வந்தது.

"நீ குளிக்கிறதே அதிசயம். அதை நான் ஆடுற நேரம் பாத்துத்தான் செய்யணுமா?"

மின்சார ஷவரும் கணினியும் சேர்ந்து ஓடினால் அந்த வீட்டு மெயின் சுவிட்ச் தாங்காது, ட்ரிப் ஆகிவிடும். மாதம் ஒருமுறையாவது நடக்கிற கூத்துதான். யோவானா கீழே இறங்கிப் போய் சுவிட்சைத் தூக்கிவிட்டு வந்தாள். வந்து பார்த்தால், தோளில் துண்டும் காய்ந்த தலையுமாக அண்ணன் அவளுடைய கணினிப் பெட்டியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். பெட்டியின் விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"போச்சு. கிராபிக்ஸ் கார்டு எரிஞ்சுபோச்சு."

"எரிஞ்ச வாசனையே வரலியே?"

"உனக்குத்தான் வருஷம் பூரா மூக்கடைப்பாச்சே."

நாளைக்குக் கணினி விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டம். லிமாவின் பேட்டை அணிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தோற்கடித்து, ப்ரெஞ்யாப் பேட்டையின் அணி முதல்முறையாக அங்கே வந்து நிற்கிறது. அவரவர் பெயரில் பதிவு செய்த பெட்டியில்தான் ஆட வேண்டும் என்பது போட்டி விதி. உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றலாம், பெட்டியை மாற்றக் கூடாது. இன்று மாலை ஆறு மணிக்குள் அணித் தலைவி ஸோயிலா பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் கணினி உயிர் பெறவில்லை என்றால் யோவானா வெளியே. பதில் ஆட்டக்காரர் உள்ளே.

பதில் ஆட்டக்காரர் வேறு யாருமில்லை, எதில்பெர்த்தோதான். அணி தொடங்கிய நாளிலிருந்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

"கவலைப்படாதே. உன் அண்ணன் எதுக்கு இருக்கேன்? வா, வில்சன் சாலைக்குப் போய் நல்ல கார்டா நானே பாத்து எடுத்துத் தர்றேன்" என்றான். பழைய கார்டை அவளைத் தொடவிடாமல் அவனே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

கணினிக் கடைகள் அடைசலாக இருக்கும் அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் வாசலிலேயே ஒருவன் கையைப் பிடிக்காத குறையாக மறித்தான்.

"ராணி, என்ன தேடுற? எது கேட்டாலும் இருக்கு ராணி!"

அவனுடைய அடித்தளக் கடைக்குப் போனதும் எதில்பெர்த்தோ முதல் காரியமாகப் பழைய கார்டை மேஜையில் வைத்தான்.

"செத்த கார்டு. உதிரிக்கு எடுத்துக்கறியா?"

"ஒருதரம் மாட்டிப் பாக்கச் சொல்லேன்" என்றாள் யோவானா.

"பொணத்துக்கு யாராவது நாடி பிடிச்சுப் பாப்பாங்களா?" என்று அதட்டிவிட்டு, கார்டுக்குப் பதிலாக மவுஸ் விரிப்பு ஒன்றை வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

அப்புறம் ஆரம்பித்தது கடை கடையாகக் கார்டு பார்க்கும் படலம்.

மூன்று விசிறி வைத்த கார்டைக் காட்டினார்கள். "இதைப் போட்டா உன் பெட்டி மூடாது" என்றான். சின்னதாக ஒன்று காட்டினார்கள். "இதுல சீட்டுக்கட்டு ஆடலாம்." வானவில்லாக மின்னியது ஒன்று. "இது கார்டா, கிறிஸ்துமஸ் மரமா?" நல்லதாகவே ஒன்று அகப்பட்டது. அதைக் கையில் வாங்கி, முகர்ந்து, திருப்பி, பெருமூச்சு விட்டு, "உன் பவர் சப்ளை இதைத் தாங்காதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"பொண்ணு பாக்கப் போனாக்கூட இத்தனை குத்தம் சொல்ல மாட்டே!"

"ஒரு கார்டு நாலு வருஷம் ஓடணும். பசிக்குது, பன்னி வறுவல் வெச்ச ஒரு சிச்சரோன் ரொட்டி சாப்பிட்டுட்டு நிதானமா பாக்கலாமே?"

"மணி அஞ்சாகப் போகுதுடா பாவி!"

அவனை இழுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். அங்கே கடை வைத்திருந்த அம்மாள் ஃபாபியோலாவிடம் அழாத குறையாகச் சொன்னாள்.

"அக்கா, புதுசோ பழசோ, என் பெட்டிக்குள்ள அடங்கணும், என் பவர் சப்ளைக்குத் தாங்கணும். இருக்கா?"

"இருக்கு. உட்காரு."

ஃபாபியோலாவின் அலமாரியில் விசைப்பலகைகளைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் 'இல்லை' என்று சொல்லும் கடைக்காரர் பிறக்கவில்லை. வாடிக்கையாளரை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, இன்னொரு கடைக்கு ஓடிப் பொருளை வாங்கிவந்து, தன் கடைச் சரக்கு போல நீட்டுவதுதான் அங்கே வியாபாரம். எத்தனை கடை ஏறி இறங்கினாலும் மொத்தக் கட்டடமும் ஒரே கடைதான். இதை எதில்பெர்த்தோ மறந்துபோனான்.

ஃபாபியோலா மூச்சிரைக்கத் திரும்பிவந்தாள். கையில் பளபளவென்று ஒரு கார்டு.

"கொஞ்சமா ஓடினது. குழந்தை மாதிரி வெச்சிருந்திருக்காங்க."

மேஜைமேல் திறந்து கிடந்த சோதனைக் கணினியில் மாட்டினாள். திரை பளிச்சென்று எரிந்தது. யோவானா குனிந்து பார்த்தாள். கார்டின் முதுகில், ஒரு திருகின் தலையில், ஊதா நெயில் பாலிஷால் வைத்த பொட்டு. தனக்குத் தெரியாமல் யாரும் கழற்றக் கூடாது என்று அவளே வைத்தது.

"அக்கா! இது என் கார்டு!"

"உன்னோடதா? கீழே இப்பத்தான் வந்துச்சுன்னு கொடுத்தான்!"

"இதுக்கு என்ன வைத்தியம் பண்ணினீங்க?"

"தூசியை ஊதினேன். அவ்வளவுதான்."

யோவானா மெல்லத் திரும்பினாள். அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த விலைப் பட்டியலைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தான்.

"பொணம்னியே?"

"சில சமயம் பஸ் குலுக்கல்ல சரியாயிடும்."

"ஏண்டா, இன்டர்நெட் சென்டர்ல வேலை பாக்கறேன்னு பேரு. உயிரோட இருக்கிற கார்டைக் குப்பைக்குத் தூக்கிக் கொடுக்கறியே, மக்கு!" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மக்கு என்ற வசவை அவன் இவ்வளவு நிம்மதியாக வாங்கிக்கொண்டதை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

மவுஸ் விரிப்பை அவன் கக்கத்திலிருந்து பிடுங்கி ஃபாபியோலாவிடம் நீட்டினாள். "இதைக் கீழே கொடுத்துடுங்க அக்கா. கணக்கு சரியாப்போச்சு."

"நான் மூணு மாடி ஓடினேனே, அது?"

"அண்ணன் சிச்சா வாங்கித் தருவான். பெரிய டம்ளர்."

"சரி, எடுத்துட்டுப் போ ராணி."

"கொசுறு?"

"உன் கார்டை உனக்கே கொடுத்ததுக்குக் கொசுறு வேறயா!" என்று தலையிலடித்துக்கொண்டு, ஃபாபியோலா ஒரு சின்னத் தூசித் தூரிகையை எடுத்துப் பையில் போட்டாள்.

படியில் இறங்கும்போதே யோவானா தலைவிக்குப் போன் போட்டாள். இரைச்சலில் காது கேட்காதென்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஸோயிலா, பட்டியல்ல என் பேரை எடுத்துடாதே! கார்டு நல்லா இருக்கு, நாளைக்கு நான்தான் ஆடறேன்!"

எதில்பெர்த்தோ சட்டென்று நடையைக் கூட்டினான்.

"அப்பாடா!" என்றாள் ஸோயிலா. "நேத்து ராத்திரி உன் அண்ணன் போன் பண்ணி, உன் கார்டு எரிஞ்சுபோச்சு, தன் பேரைப் போடுன்னு சொன்னதிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லடி!"