விண்கலத்துக்குள் இருவர்

முதல் சந்திப்பை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று அவள் போனில் கேட்டபோது, லிஃப்ட் மெக்கானிக் விண்வெளி அருங்காட்சியகத்தைச் சொன்னார்.

"காபிக் கடையில எதிரெதிரே உக்காந்தா எனக்குப் பேச வராதுங்க. அங்கேன்னா பார்க்கறதுக்காவது ஏதாவது இருக்கும்."

மனைவி இறந்தபின் பல வருடங்களாகத் தனியாக இருப்பவர். போனின் மறுமுனையில் அவள் சிரித்துவிட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். விவாகரத்துக்குப் பிறகு அவளிடம் கல்யாணப் பேச்சு எடுத்தவர்கள் எல்லாரும் வாய் ஓயாமல் பேசினார்கள். பேச வராது என்று ஒப்புக்கொண்ட முதல் ஆள் இவர்தான்.

துணைக்கு அவளுடைய அக்காவும் வந்தாள். கூரையிலிருந்து தொங்கிய பழைய விமானத்தை அண்ணாந்து பார்த்து, "இது அறுந்து விழுந்தா யாரு பொறுப்பு?" என்றவள், தள்ளியிருந்த பெஞ்சில் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போங்க. நான் இங்கிருந்தே பார்த்துக்கறேன்." எதைப் பார்த்துக்கொள்வாள் என்பது இருவருக்கும் புரிந்தது.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், நிலாவைச் சுற்றிவிட்டுத் திரும்பிய விண்கலம் நின்றது. அடிப்பக்கம் முழுக்கக் கருகி, செதில் செதிலாக உரிந்திருந்தது. இருவரும் கண்ணாடியை ஒட்டி நின்று பார்த்தார்கள்.

"எங்க வீட்டுப் பால் பாத்திரம் மாதிரியே இருக்கு," என்றாள் அவள்.

"அடிக்கடி அடிப்பிடிக்குமோ?"

"அடுப்புல வெச்சுட்டு அக்காகிட்ட போன் பேசினா பின்னே என்ன ஆகும்?"

அவர் சிரித்தார். "இதுக்குள்ள மூணு பேர் வந்திருக்காங்க. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்."

பக்கத்து அறையில் அதே அளவில் ஒரு மாதிரிக் கலம் இருந்தது. ஏறிப் படுத்தால், பூமிக்குத் திரும்பும்போது அது எப்படி அதிரும் என்று காட்டுவார்கள். "ஏறிப் பார்க்கலாமா?" என்றாள். அவர் ஒரு கணம் தயங்கி, "ம்" என்றார்.

மல்லாந்து படுத்து, கால்களை மேலே மடக்கிக்கொண்டார்கள். மூன்றாவது இருக்கையில் அவளுடைய கைப்பை. கதவு மூடியது, விளக்கு அணைந்தது, எல்லாம் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்திலும் அவருக்கு மூச்சு இரைப்பது அவளுக்குக் கேட்டது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல... லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட 'பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்'னு சொல்றதுதான் என் பொழப்பே. ஆனா நான் எப்பவும் கதவுக்கு வெளியே இருக்கறவன். உள்ளே மாட்டினதே இல்லை."

இருட்டில் துழாவி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி குதித்துக்கொண்டிருந்தது. ஊசியைக் கண்டு நடுங்குகிறவர்களிடம் பேசும் குரலில், "கையை இறுக்கி மூடுங்க," என்றாள். "ஆங், அப்படித்தான். இப்ப மெதுவா விடுங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"சாப்பிடலை. பதட்டத்துல தொண்டையில இறங்கலை."

"எனக்கும்தான்."

ஆட்டம் நின்று விளக்கு வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. பிறகு எழுந்திருக்கப் பார்த்தார்கள், இருவருக்கும் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. மல்லாந்த கரப்பான்பூச்சிபோலக் காலை உதைத்துக்கொண்டு சிரித்தார்கள். சத்தம் கேட்டு, முழங்கால் வலியையும் மறந்து அக்கா ஓடிவந்தாள்.

"நிலாவுக்குப் போன லட்சணம் இதானா?" என்று ஒவ்வொருவராக இழுத்து வெளியே போட்டாள்.

சிற்றுண்டிச் சாலையில் இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். கை கழுவி வந்து உட்கார்ந்தவர், "என் வீட்டுக்காரியைப் பத்திப் பேசினா உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?" என்று கேட்டார்.

"பேசாம மறைச்சாத்தான் சங்கடம். சொல்லுங்க."

பேச வராதவர் பேசிக்கொண்டே இருந்தார். அக்கா சத்தமில்லாமல் எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போடும்போது அக்காவின் கண் கலங்கியது. ஏன் என்று கேட்டதற்கு, பேனா சரியாக எழுதவில்லை என்றாள்.