இல்லாத பசுவுக்கு நாற்பத்தொரு டப்பா

1

காலை ஆறு நாற்பதுக்கு, பசுமாட்டின் மடிக்குப் பூசும் களிம்பை என் இடது குதிகாலில் பூசினார்கள். இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது. எனக்குக் கதை தோன்றுகிற இடம் வழக்கமாக அது அல்ல.

நான் போயிருந்தது கொடைக்கானலுக்குக் கீழே, ஒற்றையடிப் பாதையில் மட்டுமே போகக்கூடிய ஒரு மலையூர். அதே மலையில் இருக்கும் வெள்ளகவி ஊரைப் போல அங்கும் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் முழுக்கச் சாமி இருக்கிறது என்பது நம்பிக்கை. எல்லையில் ஒரு பாறை. செருப்பை அங்கே விட்டுவிட வேண்டும். வயலும் சுனையும் பாதையின் கடைசி அரை மைலும் பாறைக்கு உட்புறம்தான். நானும் விட்டேன். மறுநாள் காலை ஊன்ற முடியவில்லை.

பூசிவிட்டவர் அன்னக்கொடி. டப்பாவில் ஒரு பசுவின் படம் இருந்தது.

"இது மாட்டு மருந்தாச்சே," என்றேன்.

"ஆமாங்க. மாடு இதுவரைக்கும் ஒரு குத்தம் சொன்னதில்ல."

நல்ல வசனம். கதையின் நடுவில் வைக்கலாம் என்று சேர்த்து வைத்திருந்தேன். முதல் பக்கத்திலேயே செலவாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "மேகங்கள் தவழும் பழனி மலைத்தொடரின்"

அடித்துவிட்டேன். மேகம் இருந்தது உண்மை. ஆனால் அன்னக்கொடி அதைப் பார்க்கவில்லை. பட்டர் புரூட் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறுகிறவர் நிமிர முடியாது.

இரண்டாவது: "கால்நடைகளுக்கான மருந்துகளை மனிதர்கள் பயன்படுத்தும் போக்கு குறித்து விரிவான ஆய்வுகள்"

இது கட்டுரை. யாருக்கும் கால் வலிக்கவில்லை.

மூன்றாவது: "அன்னக்கொடிக்கு மாடு கிடையாது."

இது நிற்கிறது.

(அவர், இவர் என்று எழுதினால் கதை நகரவில்லை. அவள் என்று மாற்றட்டுமா என்று போனில் கேட்டேன். "எப்படி வேணா எழுதுங்க. எம் மாமியா இதவிட மோசமாக் கூப்புடும்," என்றாள்.)

3

அன்னக்கொடிக்கு மாடு கிடையாது. அந்த ஊரிலேயே மாடு கிடையாது. சுமை தூக்க மூன்று மட்டக்குதிரைகள் உண்டு. கோழிகள் உண்டு. மாடு நிற்கிற அளவுக்குச் சமதரை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குப் பித்தவெடிப்பு சீழ் வைத்தது. இருபத்திரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். காப்பிப் பழம் செடியிலேயே கருகியது. எழுந்ததும் கம்பை ஊன்றி மலையேறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு டியூப் கொடுத்தார்கள். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்கள்: செருப்புப் போடுங்கம்மா.

"எங்கூருல போடக் கூடாதுங்க."

"அப்ப வயலுக்குப் போறப்பவாச்சும் போடுங்க."

"வயலும் ஊருக்குள்ளதாங்க."

"அப்ப வீட்டுக்குள்ள?"

இந்த டாக்டருக்கு இதற்கு மேல் சொல்லி விளங்காது என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். டியூப் நான்கே நாளில் தீர்ந்தது.

அடுத்த மாதம் குதிரைக்கார வேலப்பன் தன் குதிரையின் முதுகுப் புண்ணுக்கு மருந்து வாங்க மாட்டாஸ்பத்திரிக்குப் போனான். இவளும் துணைக்குப் போனாள். மேசைமேல் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் மூடி அளவு. மேலே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். காம்பு வெடிப்புக்கு.

வெடிப்பு என்றால் வெடிப்புத்தான். அது காம்பில் இருந்தால் என்ன, காலில் இருந்தால் என்ன?

உதவியாளர் முருகவேல் கேட்டார். "மாடு இருக்கா?"

"இருக்குங்க."

"மாட்டோட பேரு?"

"சிவபாக்கியம்."

சிவபாக்கியம் அவளுடைய நாத்தனார். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். பொய் சொல்லும்போது வாய்க்கு வெரசா எது வருகிறதோ அதுதான் வரும் என்றாள். கதை எழுதுகிறவனிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

முருகவேல் ஓர் அட்டை எழுதினார். சிவபாக்கியம், நாட்டு மாடு, காம்பு வெடிப்பு. கீழே அன்னக்கொடி கையெழுத்துப் போட்டாள். டப்பா இலவசம்.*

*மாட்டு மருத்துவத்தில் அவளுக்குப் பிடித்தது மருந்து மட்டும் அல்ல. அங்கே யாரும் மாட்டைச் செருப்புப் போடச் சொல்வதில்லை.

4

இங்கே ஒரு வில்லன் தேவைப்பட்டார். கால்நடை மருத்துவர் நதியாவை உருவாக்கினேன். முதல் வரைவில் தடித்த கண்ணாடி போட்டேன். கடுகடுத்த முகம் கொடுத்தேன். "இதில் ஏதோ மோசடி இருக்கிறது" என்று பேசவைத்தேன்.

அவள் பேச மறுத்தாள். அய்யம்பாளையத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அட்டையைப் பார்த்தாள். இரண்டு வருடம், நாற்பத்தொரு டப்பா. மாட்டுக்குக் காம்பு நான்கு. ஒரு காம்புக்குப் பத்து டப்பா. அப்படியும் ஒன்று மிச்சம்.

(அந்த ஊரில் முப்பத்தொரு பேர். முதல் டப்பா அன்னக்கொடியின் காலுக்கு வந்தது. இரண்டாவது டப்பாவிலிருந்து ஊரின் காலுக்கு.)

"பாவம்ங்க அந்த மாடு," என்றாள் நதியா. "நானே போய்ப் பாத்துட்டு வர்றேன்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். சந்தேகப்படுகிற அதிகாரி கடிதத்தோடு நிறுத்திக்கொள்வார். இரக்கப்படுகிறவர் நேரில் கிளம்பிவிடுகிறார். அன்னக்கொடிக்கு இதைவிடப் பெரிய ஆபத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

5

சேதியைக் கொண்டுவந்தது வேலப்பன். மத்தியானம். சுனைக்கரையில் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

"மாட்டு டாக்டரம்மா நாளைக்கு வெள்ளனே கெளம்பி வருது. சிவபாக்கியத்தப் பாக்கணுமாம்."

"என்னையவா?" என்றாள் துணி துவைத்துக்கொண்டிருந்த சிவபாக்கியம். "எனக்கு என்ன சோலி மாட்டு டாக்டர்கிட்ட?"

"உன்னைய இல்லக்கா. மாட்ட."

"எந்த மாட்ட?"

அன்னக்கொடி குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். குடத்தில் தண்ணீர் இல்லை.

"மதினி, நில்லுங்க. எம் பேரையா மாட்டுக்கு வச்சீங்க?"

"நல்ல பேருன்னுதான் வச்சேன் பாக்கியம்."

"அப்ப உங்க பேரு என்ன, நாறுதா?"

"நான் கையெழுத்துப் போடணும்ல. மாட்டுக்கும் எனக்கும் ஒரே பேருன்னா நம்புவாங்களா?"

"ரெண்டு வருசமா கவருமெண்டு ஆபீசுல எனக்குக் காம்பு வெடிச்சிருக்குன்னு எழுதி வச்சிருக்கு!"

வேலப்பன் சிரித்தான்.

"சிரிக்காதலே. நீயுந்தான அதப் பூசிக்கிட்டு அலையுற."

பிறகு எல்லோரும் உட்கார்ந்து யோசித்தார்கள். அடுக்கம் ஊரிலிருந்து ஒரு மாட்டை ஓட்டி வரலாம் என்றார் ஒருவர். இந்தப் பாதையில் ஓட்டி வந்தால் மாட்டுக்கு நிஜமாகவே வெடித்துவிடும் என்றார் இன்னொருவர்.

"செத்துப்போச்சுன்னு சொல்லிருவோம்," என்றான் வேலப்பன்.

"செத்த மாட்டுக்கு மருந்து குடுப்பாங்களாலே?"

"சரி, கொணமாயிருச்சு."

"கொணமான மாட்டுக்கு மட்டும் குடுப்பாங்களா?"

ஆக, மாடு சாகவும் கூடாது. குணமாகவும் கூடாது. கண்ணில் படவும் கூடாது. இத்தனை நிபந்தனையோடு நான் எந்தப் பாத்திரத்தையும் எழுதியதில்லை.

மற்றவர்களுக்கு இது சிரிப்பு. அன்னக்கொடி தன் குதிகாலைப் பார்த்துக்கொண்டாள். மார்கழிப் பனிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. கையில் இருந்தது கடைசி டப்பா. அந்த இருபத்திரண்டு நாளும் அவளைச் சுமந்துபோய் வெளிக்கு உட்காரவைத்தது இதே சிவபாக்கியம்தான். இன்னொரு தடவை அதைக் கேட்க அவளுக்கு வாய் வராது.

6

இங்கே நான் கெட்டிக்காரத்தனம் செய்யப் பார்த்தேன். ஊர்க்காரர்கள் ஒரு மட்டக்குதிரையை இருட்டுக் கொட்டகையில் கட்டிவைக்கிறார்கள். மேலே கம்பளி. "டாக்டர் இருட்டுக்குள் கையை நீட்டி, மடியைத் தேடி"

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அன்னக்கொடிக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். அவள் ஊரில் சிக்னல் ஒரு பாறைமேல்தான் கிடைக்கும். ஏறி நின்று கேட்டாள்.

"ஏங்க, அஞ்சு வருசம் படிச்ச பிள்ளைக்கு மாட்டுக்கும் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாதா? அதுவும் ஆம்பளக் குதிரை. அந்தப் பிள்ளையக் கேவலப்படுத்தாதீங்க."

"சரி, எடுத்துர்றேன்."

"ஊரு பேரப் போடலல்ல?"

"போடலை."

"மருந்து பேர?"

"போடலை."

"மாடும் இல்ல. அப்ப என்னத்தத்தான் எழுதுறீங்க?"

7

நதியா பதினொரு மணிக்கு வந்தாள். எல்லைப் பாறையில் பூட்ஸைக் கழற்றினாள். யாரும் சொல்லவில்லை. அங்கே கிடந்த செருப்புகளைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். பாறையிலிருந்து ஊர் அரை மைல். கூழாங்கல், பலா வேர், சரளை. பழகாத கால். முதல் வீட்டு வாசலை அடைந்தபோது நொண்டினாள். அங்கிருந்த கல்லில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். உள்ளே முழங்கை நீளத்தில் ஒரு சிரிஞ்சு இருந்தது.

ஊர் பின்வாங்கியது.

"பயப்படாதீங்க, மாட்டுக்குத்தான். களிம்பு வேலை செய்யலைங்க. நாப்பத்தொரு டப்பா பூசியும் ஆறல. அத நிறுத்திட்டு ஊசிக்கு மாறிரலாம்."

"ஐயோ, அது நல்லாக் கேக்குதுங்க!" என்றாள் சிவபாக்கியம்.

"நீங்க?"

"சிவபா..." என்று தொடங்கியவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லாக் கேக்குதுன்னா மாடு ஏங்க இன்னும் கொணமாகல?"

ஒரு கோழி நடந்துபோனது. (இந்தக் கோழி தேவையா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கட்டும். அந்த நேரத்தில் அசைந்தது அது ஒன்றுதான்.)

நதியா எழப் பார்த்தாள். முடியவில்லை. குதிகால் கிழிந்து கல்லெல்லாம் ரத்தம். வேலப்பனின் குதிரைகளைச் சுமையோடு இன்னொருவர் மேலே ஓட்டிப் போயிருந்தார். திரும்பிப் போக நான்கு மணி நேர ஏற்றம். பெட்டியில் மாட்டுக்குக் காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டர் இருந்தது. பூச்சி மருந்து இருந்தது. மனிதக் காலுக்கு ஒன்றுமில்லை.

அன்னக்கொடி வீட்டுக்குள் போனாள். டப்பா உறிக்குப் பின்னால் இருந்தது. எடுத்தாள். வைத்தாள். கொண்டுபோனால் மாடு இல்லை என்று அவளே சொன்ன மாதிரி. விட்டுவிட்டால் அந்தப் பிள்ளை எப்படி மலையேறும்?

உள்ளே எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று அன்னக்கொடியிடம் கேட்டேன். பால் பொங்குகிற நேரம் என்றாள். மாடில்லாத ஊரில் எந்தப் பால் என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்து டாக்டரின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். களிம்பை வழித்துப் பூசினாள்.

"கொஞ்சம் எரியும். அப்புறம் சொகமா இருக்கும்."

நதியா டப்பாவைப் பார்த்தாள். அதன் மேலிருந்த பசுவைப் பார்த்தாள். பிறகு அன்னக்கொடியின் குதிகாலை. சிவபாக்கியத்தின் குதிகாலை. வேலப்பனுடையதை. சுற்றி நின்றவர்கள் எல்லோருடையதையும். வாழ்நாள் முழுக்கச் செருப்பே போடாத கால்கள். ஒன்றிலும் வெடிப்பு இல்லை. கழுவி வைத்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தன.

சிவபாக்கியம் சேலையை இழுத்துக் காலை மூடினாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் மூடினார்கள். வேட்டியை மடித்துக் கட்டியிருந்த வேலப்பன் அவசரமாக அவிழ்த்து விட்டான்.

8

நதியா பெட்டியிலிருந்து சிகிச்சை அட்டையை எடுத்தாள். பேனாவையும்.

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது. "மாடு இல்லை" என்று எழுதுகிறாள். மருந்து நிற்கிறது. மார்கழியில் அன்னக்கொடி படுத்துவிடுகிறாள். இது நேர்மையான முடிவு. படித்துக் காட்டியபோது அவள் போனை வைத்துவிட்டாள். சிக்னல் போய்விட்டது என்று பிறகு சொன்னாள்.

இரண்டாவது. "சிகிச்சை தொடர்கிறது" என்று எழுதுகிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். யாராவது ஒரு பலாப்பழம் கொடுக்கிறார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. நதியாவுக்கு மேலேயும் ஓர் அதிகாரி இருப்பார். அவருக்குக் கால் கிழிந்திருக்காது.

மூன்றாவது வேலப்பன் சொன்னது. டாக்டரம்மா வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட வேண்டும், அவனுடைய குதிரைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை எழுத முயன்றேன். "நதியா அந்த மலையின் அமைதியில்"

வேண்டாம்.

உண்மையில் நதியா அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, மடியில் இருந்த தன் காலை எடுக்காமல், அன்னக்கொடியின் முகத்தையே பார்த்தாள். நதியா சிரிக்கிறாளா, பொறி வைக்கிறாளா என்று அங்கிருந்தவர்களுக்கு விளங்கவில்லை. எட்டு வரைவு எழுதிய எனக்கும் விளங்கவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

அதற்கு அன்னக்கொடி சொன்ன பதில் எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். நான் ஊருக்குத் திரும்பும்போது அவள் எனக்கும் கொஞ்சம் களிம்பு வழித்துக் கொடுத்தாள். அது நாற்பத்தொன்றாவது டப்பாவா, நாற்பத்திரண்டாவதா என்று தெரிந்தால் பதிலும் தெரிந்துவிடும். ஆகவே நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, சரளையில் அரை மைல் நடந்துவிட்டு, அவள் இடத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். நதியா கேட்டது இதுதான்:

"ஒளிக்காமச் சொல்லுங்கக்கா, அந்த மாட்டுக்கு மொத்தம் எத்தனை காலு?"