தெளியட்டும்

"வெந்நீரை மொத்தமாத் தீர்த்துட்டியா?" என்று குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"ஊர் அழுக்கு பூரா என் மேலதான்க்கா இருக்கு. கொஞ்சத் தண்ணி போதுமா?" என்றான் தம்பி உள்ளேயிருந்து.

வாரம் ஒருமுறை குளிக்க வருவான். துவைத்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விடுவான். தங்கச் சொன்னால் மாட்டான். "நான் இங்க படுத்தா நீ பீரோ சாவியைத் தலையணைக்கடியில வைப்பே. வெச்சுட்டு என்னைப் பார்த்துச் சிரிக்க வேற செய்வே. உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?" ஊசிப் பழக்கம் அவனைப் பாலத்தடியில் படுக்கவைத்திருந்தது. வாய்க்கொழுப்பை மட்டும் அது தொடவில்லை. அன்றும் ஈரத்துண்டை நாற்காலியில் எறிந்துவிட்டுக் கிளம்பினான். கத்தினேன். காதில் விழாதவன் போலக் கையை ஆட்டிக்கொண்டே தெருமுனையில் திரும்பினான்.

மறுநாள் பாலத்தடியில், ஊசியில் அளவு மீறி, மூச்சு நின்று செத்துப்போனான்.

பக்கத்தில் ஒருத்தன் இருந்திருக்கிறான். அவன் உயரத்துக்கு ஏணி என்றே பெயர். எதிரே வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி பார்த்திருக்கிறார். தம்பி சாய்ந்ததும் ஏணி அவனை உலுக்கினானாம். பிறகு தம்பியின் பையிலிருந்த போனை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டானாம். "உங்க தம்பி தூங்குறார்னு நெனச்சேம்மா," என்றார் காவலாளி. அவரை விட்டுவிட்டேன். ஏணியை விடுவதாக இல்லை. தம்பி போனுக்குப் பூட்டே போடமாட்டான், போட்டால் மறந்துவிடுவான். அதில் முதல் எண் என்னுடையது. ஒரு விரல் பட்டிருந்தால் போதும்.

அப்போது நான் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு, தெருவில் கிடப்பவர்களுக்கு மருந்து கொண்டுபோகும் வேனில் டிரைவராகச் சேர்ந்தேன். சேவை மனப்பான்மை என்று பாராட்டினார்கள். ஏணி என்றைக்காவது அந்த வேன் வாசலுக்கு வந்தே தீருவான் என்பதுதான் என் கணக்கு. வந்தால் வண்டியை மேலே ஏற்றிவிடுவது என்றுகூட யோசித்திருந்தேன்.

வேனில் கூட வரும் நர்ஸை சிஸ்டர் என்று கூப்பிடுவேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவார், சுத்தமான ஊசி கொடுப்பார், ஊசி அளவு மீறி மூச்சு அடங்கப்போகிறவன் மூக்கில் மருந்து ஸ்ப்ரே அடித்து எழுப்புவார். பழக்கத்தை விட விரும்புகிறவர்களைக் காலையில் கிளினிக்குக்குக் கூட்டிப்போவோம். அங்கே நடுக்கத்தை அடக்கும் சிரப்பை எதிரில் நின்று குடிக்கவைப்பார்கள்.

"தெளிஞ்சா பழசெல்லாம் ஞாபகம் வருமா சிஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுதானே பெரிய கஷ்டம். செஞ்சதெல்லாம் வரிசையா வந்து நிக்கும். தாங்க முடியாம சிலர் திரும்பப் போயிடுவாங்க. இத்தனை நாள் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஒரே ஊசியில முடிஞ்சிடும்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்றைக்குத்தான் புத்தி வேலை செய்தது. போதையில் கிடப்பவனை அடித்து என்ன பயன்? தெளியட்டும். தெளிந்தால்தான் உறைக்கும். ஆனால் அவசரப்படக்கூடாது. தாங்கும் தெம்பு வருமுன் கேட்டால் திரும்ப ஊசிக்குப் போய்ச் செத்துத் தப்பிவிடுவான். ஒருத்தன் தப்பித்துப் போனது போதும்.

ஏணி வந்தான். உயரமே காட்டிக்கொடுத்தது. காலில் சீழ் பிடித்த புண். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "ஏறு," என்றேன்.

பழக்கத்தை விடுகிறவர்கள் தங்கும் விடுதிக்காரரை நச்சரித்து அவனுக்கு ஒரு படுக்கை வாங்கினேன். தினமும் போய்க் கதவை உதைத்தேன். "எழுந்திருடா, உங்கப்பன் வீட்டு வண்டியா இது, காத்துக்கிட்டு நிக்க?"

"பெத்தவகூட இப்படித் திட்டினதில்லக்கா."

"அக்கா நொக்கான்னே, பல்லு இருக்காது."

"சரிங்க, டிரைவர் மேடம்."

ஆரம்பத்தில் நடுங்கி வாந்தியெடுத்தபோது வாளியைப் பிடித்தேன். "அடிக்கிற கைதான் அணைக்கும்னு சும்மாவா சொன்னாங்க," என்று சிஸ்டர் நெகிழ்ந்துபோனார். அணைக்கிற கை அடிக்கவும் செய்யும் என்று நான் சொல்லவில்லை.

புண் ஆறியது. கன்னத்தில் சதை வைத்தது. விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. ஒருநாள் கிழிந்த காலரைக் கையால் மறைத்துக்கொண்டு ஏறினான். வெட்கம் வந்துவிட்டது. இதற்குத்தான் காத்திருந்தேன்.

"இனிமே தாங்குவானா?" என்று சிஸ்டரைக் கேட்டேன்.

"இனி புயலே அடிச்சாலும் சாயமாட்டான். எல்லாம் உங்க புண்ணியம்."

மறுநாள் சிரப் குடித்துவிட்டு வந்தவனை உட்காரவைத்து வேன் கதவைச் சாத்தினேன்.

"பாலத்தடியில உன் பக்கத்துல ஒருத்தன் செத்தானே."

"உங்க தம்பி," என்றான். நான் அசந்துவிட்டேன். "மொத நாளே தெரியும். அதே மூக்கு. அதே வாய்."

"தெரிஞ்சுமா தினம் ஏறினே?"

"இன்னிக்கு அடிப்பீங்க, நாளைக்கு அடிப்பீங்கன்னுதான் ஏறினேன். நீங்க வாளியப் பிடிச்சீங்க."

"சொல்லு. மொதல்லேர்ந்து."

சொன்னான். தம்பியின் உதடு நீலமானது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் போலீஸும் வரும், தன் பொட்டலம் போய்விடும் என்று பயந்தது. போனை விற்றது. அந்தக் காசில் அன்றைக்கே ஊசி போட்டுக்கொண்டது. சொல்லி முடித்து முகத்தைப் பொத்திக்கொண்டு, "மன்னிச்சிடுங்க," என்றான்.

"மன்னிப்பா? அதை நீயே வெச்சுக்கோ. நாளைக்கும் வா. நாளைக்கும் இதையே சொல்லணும்."

அவன் வராமல் இருந்திருக்கலாம். வந்தான். சிரப் குடித்ததும் வேனில் ஏறி, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்வான். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்பேன். "உங்ககிட்ட மனசு விட்டுப் பேசறான். நல்ல விஷயம்," என்கிறார் சிஸ்டர். இன்றுவரை இது நிற்கவில்லை, நிறுத்த எனக்கு எண்ணமுமில்லை.

சொல்லச் சொல்லக் கதை கொஞ்சம் நகர்கிறது. ஒருநாள் தூறல் என்பான், ஒருநாள் வெயில். ஒருநாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகச் சொல்வான், இன்னொரு நாள் பயத்தில் வாயே திறக்கவில்லை என்பான். நான் திருத்துவதில்லை. ஒன்று மட்டும் எந்த நாளும் மாறுவதில்லை: போனை எடுத்துக்கொண்டு இவன் எழுந்து நடந்தபோது, என் தம்பிக்கு மூச்சு இருந்தது.